வாசலில் நிற்கிறவரிடம் கேட்பவர்

மிஸ் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் பிள்ளை பெற்றவளிடம் கேட்பார். அடுத்தது அந்த வீட்டின் வயதான பெண்ணிடம். இரண்டு பேர் சொல்வதற்கும் தலையை ஆட்டுவார், ஆனால் பேனாவைத் திறக்கமாட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் சும்மா நிற்கிற ஆணிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். அவன் சொல்வதைத்தான் எழுதுவார்.

"பிள்ளை பிறந்த உடன அழுததா?"

வேறு கேள்விகளும் உண்டு. எத்தனையாம் மாதத்தில் பிறந்தது, நிறை எவ்வளவு, பிள்ளை நோவு தொடங்கி எவ்வளவு நேரம், வயிற்றில் இருக்கும்போது தாய்க்குக் காய்ச்சல் வந்ததா, வீட்டுக்குள் யார் புகைக்கிறது, குடும்பத்தில் யாருக்காவது பேச்சுப் பிந்தியதா. ஆனால் அழுததா என்ற கேள்விக்குத்தான் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரே பதில் வரும். "ஓம் மிஸ், நல்லா அழுதது." அழாமல் பிறந்த பிள்ளை என்று ஒரு பேர் வந்துவிட்டால் அது பள்ளிக்கூடத்துக்கும் போகும், கலியாணப் பேச்சுக்கும் போகும். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே பெண்கள் பதிலைத் தயார் செய்துவிடுவார்கள்.

ஆண்களுக்கு அப்படி யாரும் எதையும் சொல்லி வைப்பதில்லை. பிள்ளைப்பேறு அவர்களுடைய விசயம் இல்லை. "அதாலதான் தம்பி அவையளிட்ட கேக்கிறன்" என்று மிஸ் ஒருநாள் என்னிடம் சொன்னார். "என்ன சொல்லவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டினம். உள்ளதைச் சொல்லுவினம்."

அவர் அரசாங்கக் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. முழங்கால் வருத்தம் வந்து ஸ்கூட்டர் ஓட முடியாமல் போனபிறகு, கிழமையில் மூன்று நாள் என் ஓட்டோவில் போனார். நான் கப்பல்துறையில் இருக்கிறேன். அவருடைய பகுதி கண்டி வீதிக்கு அந்தப் பக்கம் தொடங்கிச் சீனக்குடா வரைக்கும் போகும். என் வீடு வேறொரு மிஸ்ஸின் பகுதி. அது எனக்கு வசதியாக இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மெலிந்த, உயரமான பெண். மடியில் பெரிய கொப்பி, காலடியில் பிள்ளை நிறுக்கிற தராசு. வீதியில் பள்ளம் வந்தால் தராசைத்தான் பிடிப்பார், தன்னைப் பிடிக்கமாட்டார். இரண்டு தரம் தலை மேல்கம்பியில் இடிபட்டிருக்கிறது. அவருக்குக் குடும்பம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கிற ஆள் இல்லை, அவர் சொல்கிற ஆள் இல்லை.

கிண்ணியாவிலிருந்து வந்து குடியிருந்த ஒரு மீன் வியாபாரியின் வீடு நினைவிருக்கிறது. உள்ளே அவருடைய மாமியார் பெரிய குரலில், "ஊர் கேக்க அழுதது மிஸ்" என்று சொல்லிவிட்டார். மிஸ் வெளியே வந்தார். வியாபாரி மீன்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நோவு எவ்வளவு நேரம் இருந்தது?"

"எனக்கு என்ன மிஸ் தெரியும், நான் வெளியில நிண்டனான்."

"வெளியில எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "விடிய சுபஹு தொழுதிட்டு வந்து நிண்டன். பள்ளியில லுஹர் பாங்கு சொன்னாங்க, போய்த் தொழுதிட்டு வந்தன். அஸருக்கும் போய்ட்டு வந்தன். பொழுது படுற நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தித்தான் பொறந்த."

"அழுத சத்தம் கேட்டதா?"

"அழுத சத்தமா? இல்ல மிஸ். கதவத் திறந்து நர்ஸ்மார் பிள்ளையத் தூக்கிட்டு ஓடினாங்க. நான் நெனச்சன் உசிர் இல்ல, மவுத்தாயிட்டு எண்டு."

உள்ளேயிருந்து மாமியார், "அவருக்குக் காது கேக்காது மிஸ்!" என்று கத்தினார்.

"பாங்கு மட்டும் கேக்குமா உம்மா?" என்றார் மிஸ். வியாபாரி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் முன்னமே காதும் பேச்சும் பார்க்கிற கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தனுப்பினார். பிறகு அந்தத் தெருவால் போகும்போது அது வாசலில் நின்று "ஓட்டோ, ஓட்டோ" என்று கத்தும்.

இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர், கர்ப்பிணி மருமகள் சமைக்கிற குசினிக்குள்ளேயே கதிரை போட்டிருந்து சுருட்டுப் பிடிப்பார். மிஸ் வெளியே போய்க் குடிக்கச் சொன்னார். "நான் என்ன மிஸ், நானா பிள்ளைத்தாச்சி?" என்றார் அவர். மிஸ் கொப்பியைத் திறந்து, "பேர் சொல்லுங்கோ, பதிஞ்சு விடுறன். மாசத்துக்கொருக்கா கிளினிக்குக்கு வந்து நிறை பாக்கவேணும். ஊசியும் இருக்கு" என்றார். அடுத்த முறை போனபோது கதிரை முற்றத்தில் இருந்தது.

பிள்ளை கதைக்கவில்லை என்றால் எல்லா வீட்டிலும் காரணம் தயாராக இருக்கும். கிரகணத்தில் வெளியே போனாள். அன்னாசி தின்றாள். தையல் மெசின் மிதித்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் வசம்பு தடவவில்லை. எல்லாக் காரணமும் தாயின் தலையில்தான் வந்து முடியும். மிஸ் கையைக் காட்டி நிறுத்துவார். "காரணத்தை நீங்களே வச்சிருங்கோ. எனக்கு நடந்ததைச் சொல்லுங்கோ."

ஒரு தகப்பன் அவரிடம் திருப்பிக் கேட்டான். "அப்ப மிஸ் எதாலதான் இப்பிடி வாறது?"

"ஒண்டால எண்டு சொல்ல ஏலாது தம்பி. குறைமாசத்தில பிறந்த பிள்ளையள் எத்தினையோ நல்லாக் கதைக்குதுகள். ஒரு குறையும் இல்லாமப் பிறந்ததும் பிந்தும். ஆனா என்னென்ன நடந்தது எண்டு தெரிஞ்சா, எந்தப் பிள்ளையை முந்திப் பாக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் இந்தக் கொப்பி."

அவரை நல்லவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்கும்போது அவருக்குச் சுற்றிவர என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு வீட்டில் இருபது வயது தாய். இரண்டு வயதாகியும் பிள்ளை வாய் திறக்கவில்லை. மிஸ் விடாமல் கேட்டார். அவள் குரலைத் தாழ்த்தி, மூன்றாம் மாதத்தில் இந்தப் பிள்ளை வேண்டாம் என்று நினைத்து யாரோ கொடுத்த குளிசையை விழுங்கியதாகச் சொல்லிவிட்டாள். அறைக்குக் கதவு இல்லை, சீலைதான் தொங்கியது. சீலைக்குப் பின்னால் மாமியார் நின்றிருந்தார்.

நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னமே அந்த வீட்டில் கூச்சல் தொடங்கிவிட்டது. எனக்கும் விசயம் அந்தக் கூச்சலில்தான் தெரியவந்தது. அந்தக் கிழமையே அவளையும் பிள்ளையையும் மூதூர்ப் பக்கம் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ் என்னைக் கூட்டிக்கொண்டு அவளைத் தேடிப் போனார். அவள் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து, "அவவைப் போகச் சொல்லுங்க" என்ற குரல் மட்டும் வந்தது. மிஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நெடுநேரம் நின்றார். திரும்பும்போது, "கதவில்லாத வீட்டில கேட்டிட்டன்" என்று ஒரு தரம் சொன்னார்.

அதற்குப் பிறகு தாய்மாரை அவர் வீட்டுக்குள் வைத்துக் கேட்பதில்லை. என் ஓட்டோவுக்குள் கூட்டிக்கொண்டு வந்து இருத்துவார். இரண்டு பக்கமும் மழைச்சீலையை இறக்கிவிடுவார். "தம்பி, நீங்கள் அந்த வேம்புக்குக் கீழ போய் நில்லுங்கோ" என்பார். எத்தனையோ பெண்கள் என் வாகனத்துக்குள் இருந்து அழுதுவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவும் பார்த்துக்கொண்டிருந்த நான், என் மகனைப் பற்றி அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அவனுக்கு அப்போது நாலு வயது. ஐந்தாறு சொல்தான் வரும்.

அவன் எட்டாம் மாதத்தில் பிறந்தவன். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். மூன்று கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவன் பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு வெருகலில் என் மனைவியின் அப்பா செத்துப்போனார். நான்தான் அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். எங்களோடு இருந்த என் அம்மா தடுத்தா. அவள் அழுதுகொண்டு ஏறினாள். அந்தப் பயணத்தில் வயிறு குலுங்கித்தான் பிள்ளை முந்திப் பிறந்தது, செத்தவீட்டில் அழுததால்தான் பிள்ளையின் நாக்குக் கட்டிப்போனது என்று அம்மா சொன்னா. ஒருநாள் இரண்டு நாள் இல்லை. சோறு போடும்போதும் சொல்லுவா, பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் சொல்லுவா. என் மனைவி முதலில் எதிர்த்துக் கதைத்தாள். பிறகு கதைக்காமல் விட்டாள். பிறகு நம்பத் தொடங்கிவிட்டாள். வாகனம் ஓட்டியவன் நான். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கும் ஆறு வயது வரைக்கும் பேச்சு வரவில்லை. என் அண்ணனுக்கும் பிந்தித்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஊமையன் என்று பேர். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கலியாணம் பேசும்போது அம்மா, "அவன் கூச்ச சுபாவம்" என்று சொல்லி முடித்துவிட்டா. என் மனைவிக்கு அந்தப் பேர் தெரியாது. மகனைப் பார்த்து நான் கவலைப்பட்டால், அம்மா அவள் இல்லாத நேரம் பார்த்து, "உனக்கும் இப்பிடித்தானேடா, வந்தது தானே" என்று ஆறுதல் சொல்லுவா. அவள் வந்தவுடன் வெருகல் பயணத்தைத் தொடங்கிவிடுவா. எங்கள் பகுதி மிஸ் வந்தால், பிள்ளை நன்றாகக் கதைக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிடுவா.

ஒருநாள் பின்னேரம் பெருமழை. வீதி தெரியவில்லை. என் வீடு கிட்ட இருந்ததால் மிஸ்ஸை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி அப்போது இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து மாதம். தேத்தண்ணி கொடுத்தாள். மகன் வந்து மிஸ்ஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிஸ்கட் பேணியின் மூடியில் வைத்தான்.

"என்ன ராசா வேணும்? சொல்லுங்கோ."

அவன் "ம்" என்றான். மிஸ்ஸின் கையை எடுத்துத் திரும்ப மூடியில் வைத்தான்.

மிஸ் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அங்கேயே கேட்கத் தொடங்கினார். மழையில் ஓட்டோவுக்குள் போக வழி இல்லை. எத்தனை மாதம், எவ்வளவு நிறை. என் மனைவி எல்லாம் சொன்னாள். கடைசியில், "நான்தான் மிஸ். நான் செத்தவீட்டுக்குப் போனனான்" என்றாள்.

"செத்தவீட்டுக்குப் போறதால பிள்ளையின்ர பேச்சு நிக்காது."

"அப்ப ஏன் மிஸ் எட்டாம் மாசத்தில பிறந்தது?" என்றா அம்மா.

"குறைமாசம் எண்டது எழுதத்தான் வேணும். அதுக்கும் பயணத்துக்கும் நான் முடிச்சுப் போடமாட்டன்." பிறகு கேட்டார். "குடும்பத்தில ஆருக்கும் பேச்சுப் பிந்தினதா?"

"எங்கட பக்கம் இல்ல மிஸ்" என்றாள் என் மனைவி.

"எங்கட பக்கத்திலயும் ஒருத்தருக்கும் இல்ல" என்றா அம்மா.

நான் வாசலில் நின்றேன். மிஸ் என் பக்கம் திரும்பினார். எல்லா வீட்டிலும் செய்வது மாதிரி, பேனாவைத் திறந்துகொண்டு, நான் சொல்லும்வரை காத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்தா. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மகனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுடைய பாரத்தில் பாதியை நான் எடுத்திருக்கலாம். ஊமையன் என்ற பேர் அந்த வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம்தான் எனக்கு இருந்தது.

"இல்லை மிஸ்" என்றேன்.

மிஸ் அதை எழுதினார். கிளினிக்குக்குத் துண்டு கொடுத்தார். மழை விட்டபிறகு அவரை ஏற்றிக்கொண்டு போனேன்.

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. "பார், மிஸ்ஸே குறைமாசம் எண்டு எழுதிப்போட்டா" என்று சொல்லத் தொடங்கினா. என் மனைவி அதற்குப் பிறகு என் ஓட்டோவில் ஏறவில்லை. எந்த வாகனத்திலும் ஏறவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காகக் கிளினிக்குக்கு நடந்து போனாள். வெயில் கடுமையான நாட்களில் போகாமலும் விட்டாள். மகனைத் துண்டு கொடுத்த இடத்துக்கு நான் ஒருவனாகத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பேச்சுப் பழக்குகிற இளம்பெண் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கும் நான் பாதி பதில்தான் சொன்னேன்.

நோவு தொடங்கியது ஒரு மத்தியானம். தண்ணீர்க்குடம் காலையிலேயே உடைந்திருக்கிறது, அவள் யாருக்கும் சொல்லவில்லை. நான் ஓட்டோவை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினேன். அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இதில ஏறமாட்டன். இந்தப் பிள்ளையையும் ஊமையாக்கமாட்டன்."

கெஞ்சினேன். தூக்கப் பார்த்தேன், கையைக் கடித்தாள். அம்புலன்ஸ் வேறு இடத்துக்குப் போயிருந்தது. அது வரும்வரை வாசலில் என் வாகனம் நின்றது, உள்ளே அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நான் வெளியே நின்றேன். கதவு திறந்தது. ஒரு நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையோடு ஓடினார். அழுத சத்தம் கேட்கவில்லை.

பிள்ளை பிழைத்தது. மூன்றாம் நாள், வேறொரு தாயைப் பார்க்க வந்த மிஸ் என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார். "அழுததா தம்பி?" என்று கேட்டார். "இல்லை மிஸ்" என்றேன். பிறகு அங்கேயே, சுவரைப் பார்த்துக்கொண்டு, அண்ணனுடைய கதையையும் என்னுடைய கதையையும் சொன்னேன்.

மிஸ் கொப்பியைத் திறக்கவில்லை.

"அண்டைக்கு உங்களிட்டத்தான் கேட்டனான்" என்றார். பிறகு, "எனக்குச் சொல்லி என்ன செய்யிறது? உள்ளுக்குப் போய் அவவிட்ட சொல்லுங்கோ" என்றார்.

நான் போகவில்லை. கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். மிஸ் அதையும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாதம் முழுவதும் அவர் வாசலில் நிற்கிற ஆண்கள் சொல்வதை உடனே எழுதவில்லை. திரும்பவும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்துதான் எழுதினார்.

மகள் வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கூட்டிக்கொண்டு வரவில்லை, பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். இரண்டு பிள்ளைகளின் கிளினிக் அட்டைகளையும் கேட்டார். என் மனைவி அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மிஸ் கதிரையில் இருந்து பேனாவைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எனக்கு ஆறு வயசு மட்டும் பேச்சு வரேல்ல" என்றேன். "அண்ணனுக்கும் பிந்தித்தான் வந்தது."

"வாயை மூடடா" என்றா அம்மா.

என் மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மாமிக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஓம்."

"எப்ப இருந்து?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அப்பாவின்ர முகத்தைக் கடைசியாப் பாத்ததுக்கு நாலு வருஷமா நான்..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டு, மடியில் இருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். பால் இழுக்கத் தெரியாமல் அது வாயை விட்டுவிட்டு நித்திரையாகியிருந்தது.

மிஸ் அவளிடம் மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, இவருக்கு இருந்தது எண்டதால பிள்ளையளுக்குக் கட்டாயம் வரும் எண்டும் இல்ல. அதுவும் ஒண்டு, மூத்தவன் குறைமாசத்தில பிறந்ததும் ஒண்டு. நீங்கள் வெருகலுக்குப் போனது இதுக்குள்ள இல்லவே இல்ல."

"மிஸ், அதை எழுதிப்போடாதீங்கோ" என்றா அம்மா. "இது பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் கேட்டு வரவேணும்."

மிஸ் என் மனைவியைப் பார்த்தார்.

"எழுதுங்கோ மிஸ்" என்றாள் அவள். "தகப்பன்ர பக்கம் எண்டு எழுதுங்கோ. ரெண்டு அட்டையிலயும் எழுதுங்கோ. பெரிசா எழுதுங்கோ."

மிஸ் எழுதினார். அவள் மகனுடைய அட்டையை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"வாசியுங்கோ. மாமிக்குக் கேக்க வாசியுங்கோ."

ஒரு வரிதான். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். இரண்டு இடத்தில் தடக்கினேன். மிஸ் எடுத்துக்கொடுக்கவில்லை. மகன் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசித்து முடிய நெடுநேரம் எடுத்தது.